ஒரு விரல் நாமம்

என் மகன் ராஜகுமார் கசகஸ்தானில் பள்ளம் தோண்டுகிறான். மண்வெட்டிப் பள்ளம் இல்லை. நம் ஊரில் ஓடும் ஜேசிபியைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டி. எண்ணெய்க் குழாய் பதிக்க வேண்டும், அதற்காக நேராக வெட்டிக்கொண்டே போக வேண்டும். நாள் முழுக்க வெட்டினாலும் எதிரே ஒரு மரம் வராது, ஒரு வீடு வராது, காய்ந்த புல்தான் என்றான். அஞ்சுகிராமம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு வேலிக்கல்லைத் தொட்டாலே நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே கேட்க ஆளே கிடையாது என்று அவன் சொன்னபோது, கேட்க ஆளில்லாத மண் உலகத்தில் எங்கேயும் கிடையாது, பார்த்து வெட்டு என்று சொன்னேன். நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது.

என் பெயர் குமாரதாஸ். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுபோயிற்று. டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவன். யாரையும் நம்பாதவன் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மைதான். பெட்ரோல் பங்கில் இறங்கி மீட்டர் பக்கத்தில் போய் நிற்பேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை மருந்துக் கடையில் காட்டி இது எதற்கு என்று கேட்பேன். பிறகு அடுத்த மருந்துக் கடையிலும் கேட்பேன். அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் வந்ததில்லை. இந்த ஒரு தடவை வரப் பார்த்தது.

ராஜகுமாருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் ரெனிஷ். கடற்கரையில் மீன் வியாபாரம் செய்யும் மரியஜானின் மகன். மரியஜானிடம் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். சைக்கிளில் மீன் கொண்டு வந்த காலத்திலிருந்து அவனிடம்தான் மீன் வாங்குகிறேன், ஒவ்வொரு தடவையும் செவிளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ரெனிஷ் அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு ஆபீசர். ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, பள்ளம் சரிகிறதா என்று பார்க்கிற வேலை. அங்கேயே ஆறேழு வருஷம் இருந்ததில் ரஷ்ய பாஷை நன்றாகப் பேசுவான்.

போன புரட்டாசியில் ஒரு நாள் காலையில் ராஜகுமார் வீடியோவில் கூப்பிட்டான். முகம் சரியில்லை. முந்தின நாள் ஒரு சின்ன மேட்டைக் குறுக்கே வெட்டியிருக்கிறான். மேடு என்றால் நம் வைக்கோல்போர் உயரம்கூட இல்லை. வாளி மேலே வந்தபோது அதில் பெரிய எலும்பு தெரிந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் குதிரை எலும்பு, பக்கத்தில் மனுஷ எலும்பு.

"நீ என்னலே செஞ்ச?" என்று கேட்டேன்.

"உள்ள எறங்கி நாமம் இட்டேன்பா. அப்பறந்தான் போர்மேன்ட்ட போயி சொன்னேன்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அய்யா வழி. எங்கள் ஆட்கள் தலையில் துணி கட்டக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஒரு காலம் இந்த நாட்டில் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் பதிக்குள், எங்கள் வழிபாட்டு இடத்துக்குள், போகும்போது ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போகிறோம். நெற்றியில் வெள்ளை மண்ணைக் குழைத்துப் புருவ மத்தியிலிருந்து மேல்நோக்கி ஒரு விரலால் இழுப்போம். அதுதான் நாமம். செத்தவர்களை எரிக்க மாட்டோம், நாமம் இட்டுப் புதைப்போம். நாமம் இல்லாமல் ஒருவரையும் மண்ணுக்குள் விடுவதில்லை. ராஜகுமார் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு சின்ன டப்பாவில் அந்த வெள்ளைத் திருமண் கொண்டு போவான். யாரோ ஒருவன் வெறும் நெற்றியோடு கிடக்கிறான், தன் வண்டிதான் அவனை வெளியே இழுத்துப் போட்டது, அவனால் சும்மா வர முடியவில்லை. குப்பித் தண்ணீரில் மண்ணைக் குழைத்து மண்டையோட்டில் இட்டுவிட்டான்.

அன்னிய நாடு. பழைய சவம். அதைத் தொட்டிருக்கிறான்.

"இத வேற ஆருட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா. அங்க இன்னொண்ணும்—"

"ஒண்ணும் சொல்லாத. போன்ல பேசாத. ஆரு கேட்டாலும் நீ எறங்கல்ல, தொடல்ல. எனக்கு சத்தியம் பண்ணு."

அவன் பண்ணினான். நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொல்ல வந்த இன்னொன்றை நான் கேட்கவில்லை. அது என்ன என்று தெரிய எனக்கு ஐப்பசி வரை ஆயிற்று.

இரண்டு நாளில் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கூடாரத்தோடு வந்து இறங்கினார்கள். தலைமைக்கு ஒரு பெண். அய்குல் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். பிரஷ்ஷும் கரண்டியும் வைத்துக்கொண்டு மண்ணை எடுக்கிறாள், ஒரு குதிரைக்கு ஒரு வாரம் ஆக்குகிறாள் என்று ராஜகுமார் சொல்லிச் சிரித்தான். அவன் வண்டிக்கு அது ஒரு வாளி மண்.

அவள் தொழிலாளிகளை ஒரு நாள் கூட்டி வைத்துப் பேசினாளாம், ரெனிஷ் மொழிபெயர்த்தானாம். இந்தப் புல்வெளியில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் கிடையாது, வீடு கிடையாது. ஆடு மாடு குதிரையை ஓட்டிக்கொண்டு கூடாரத்தோடு அலைந்தவர்கள்தான். வீடு இல்லாததால் எவன் பெரியவன், எவன் சின்னவன் என்று வீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கூடவே குதிரையைப் புதைத்திருந்தால் அவனுக்கு ஆள்பலம் இருந்தது. வாள் இருந்தால் சண்டைக்காரன். பட்டுத் துணி இருந்தால் தூரதேசத்துச் சாமான் அவன் கைக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட இடுப்புப் பட்டை முக்கியம். அது ராஜா கொடுப்பது. அதில் தைத்திருக்கிற பொன் வெள்ளித் தகடுகளைப் பார்த்து அவன் ராஜாவுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று சொல்லிவிடலாமாம்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. செத்தவன் இடுப்பைப் பார்த்து அவன் நாற்காலி எங்கே கிடந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். என் பூட்டன் குழியைத் தோண்டினால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? எலும்பு கிடைத்தால் உண்டு. அவரை என்னவென்று எழுதுவாள்? ஒன்றுமில்லாதவன் என்று எழுதுவாள். அவர் தலையில் துணி கட்டியதற்காக அடி வாங்கியவர் என்று எலும்பைப் பார்த்து எப்படித் தெரியும்? இப்படி நினைத்துக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்த மண்டையோட்டில் இருந்த வெள்ளைக் கோட்டையும் அவள் பார்த்துவிட்டாள். பூசாரியோ மந்திரவாதியோ, ஏதோ பெரிய பதவியின் அடையாளம் என்று அவள் கூட வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். ராஜகுமார் போனில் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னான். நான் சந்தோஷப்பட்டேன். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், நீ வாயைத் திறக்காதே என்றேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். இடுப்புப் பட்டையைச் சுத்தம் செய்து பார்த்திருக்கிறார்கள். தோல் பாதி இற்றுப்போயிருக்கிறது. தகடு தைத்த ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் தகடு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பெரிய ஆளுக்குத் தகடு இல்லாத பட்டையா? அது பொன் தகடாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே சமயத்தில் அந்த வெள்ளை மண்ணையும் சோதித்துவிட்டார்கள். அது அந்த ஊர் மண் இல்லை. எலும்புக்குள் ஊறவும் இல்லை, மேலாக ஒட்டியிருக்கிறது. இட்டுப் பல நாள்கூட ஆகவில்லை.

அப்படியானால் இவர்கள் வருவதற்கு முன் யாரோ குழிக்குள் இறங்கியிருக்கிறான். முதலில் அங்கே இருந்தவன் யார்? வண்டி ஓட்டினவன்.

போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து கேட்டார். ராஜகுமார் எனக்குச் சத்தியம் பண்ணினபடியே சொன்னான், இறங்கவில்லை, தொடவில்லை. அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் பெட்டி, படுக்கை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். நல்லவேளை, திருமண் டப்பாவை அவன் முன்னாலேயே எங்கோ வீசிவிட்டான். அதை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். மார்கழியில் ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தான், அதுவும் போயிற்று. விசாரணை முடியும்வரை நாட்டை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய பொக்கிஷம் திருடினால் அங்கே ஜெயில்தான், வருஷக்கணக்கில்.

என் மருமகள் அன்னக்கிளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு வைத்துவிட்டு எதிரே நிற்காமல் போய்விடுவாள். அது ஒரு வார்த்தையைவிட மோசம்.

இந்த நிலைமையில்தான் ராஜகுமார் சொன்னான், ரெனிஷுக்கு எல்லாம் தெரியும், அவன் அய்குலிடம் உண்மையைச் சொல்லப்போகிறானாம். வேலை வாங்கிக் கொடுத்தவனே மாட்டிவிடப் பார்க்கிறான். தகட்டை எடுத்தது அவனாகவே இருந்தால்? பள்ளத்தில் எங்கு வேண்டுமானாலும் இறங்க அதிகாரம் உள்ளவன் அவன்தானே. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனேன்.

மரியஜான் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு குவியல் சாளை மீன் கிடந்தது.

"ஓய், மீன் வாங்க வந்தீரா, சண்ட போட வந்தீரா?"

"ஒம்ம மவன் எம் மவன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கான்."

அவன் டீயைக் கீழே வைத்தான். எனக்கும் ஒரு டீ சொன்னான். நான் வேண்டாம் என்றேன், அது வந்துவிட்டது. நான் என் சந்தேகத்தை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். தகட்டை ரெனிஷ் எடுத்திருக்கலாம் என்றும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மரியஜானின் முகம் சிவந்து பிறகு இறங்கியது.

"நாப்பது வருசமா செவிளத் தூக்கித் தூக்கிப் பாத்தீரே. ஒரு நாளாவது கெட்ட மீனு தந்திருக்கனா?"

"இல்ல."

"பெறவும் பாப்பீரு."

"பாப்பேன்."

"செரி. இப்ப நாஞ் சொல்லுதத கேளும். ஒம்ம மவன் பள்ளத்துல இருந்து ஏறி வந்ததயும், வெரல்ல வெள்ள மண்ணு இருந்ததயும் எம் மவன் அன்னைக்கே பாத்துட்டான். பாதுகாப்பு ஆபீசரு பாத்தா எழுதிக் குடுக்கணும். எழுதல்ல. இம்புட்டு நாளா எழுதாம இருக்கான். இது தெரிஞ்சா மொதல்ல வேல போவது ஆருக்கு?"

இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

மரியஜான் மீதியையும் சொன்னான். ரெனிஷ் தானாகப் போய்ச் சொல்லிவிட்டால் இட்டது சாமிக்காரியம் என்று ஆகும், அவர்களாகக் கண்டுபிடித்தால் திருட்டு என்று ஆகும். ஆனால் ராஜகுமாரே ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை நம்ப மாட்டார்கள், அவனைச் சொல்லச் சொன்னால் அப்பனுக்குப் பண்ணின சத்தியம் என்று அசைய மாட்டேன் என்கிறான். ஆகவே முடிச்சைப் போட்டவர் நீர்தான், நீரே அவிழும். அந்தப் பெண் நல்லவள், கேட்கிற ஆள். உம் வாயால் சொல்லும், என் மகன் மொழிபெயர்ப்பான்.

அங்கேதான் எனக்கு இடித்தது. நான் தமிழில் ஒன்று சொல்வேன், அவன் ரஷ்ய பாஷையில் என்ன சொல்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மருந்துக் கடை என்றால் அடுத்த கடையில் கேட்கலாம். இதற்கு அடுத்த கடை இல்லை. அதையும் மரியஜானிடம் வாய்விட்டே சொன்னேன். அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாளைக்கு உம் வீட்டுக்கு வருகிறேன், அவன் பேசும்போது நான் உம் பக்கத்தில் இருப்பேன், அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் பொய் சொல்ல மாட்டான் என்றான். டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

மறுநாள் காலை அன்னக்கிளி போனை அரிசி டப்பாவில் சாய்த்து மேஜை மேல் வைத்தாள். நான் குளித்து நாமம் இட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மரியஜான் ஒரு பக்கம், அன்னக்கிளி ஒரு பக்கம். போனில் ஒரு கூடாரம் தெரிந்தது. நடுவில் அய்குல். வெயிலில் காய்ந்த முகம், தலைமுடியைத் துணியால் கட்டியிருந்தாள். அவள் பக்கத்தில் அந்தப் போலீஸ் அதிகாரி. பின்னால் என் மகன் நின்றான். மெலிந்துபோயிருந்தான். ரெனிஷ் ஓரத்தில் இருந்தான்.

அய்குல் என் நெற்றியையே பார்த்தாள். பிறகு அதிகாரி ஏதோ சொன்னார். ரெனிஷ் தயங்கினான்.

"என்ன சொல்லுதாரு? உள்ளத சொல்லு."

"மாமா, அவரு சொல்லுதாரு, அது திருடங்க போடுத அடையாளமா இருக்கும்னு. செத்தவன் பின்னால வந்து பிடிக்காம இருக்க ஒரு மந்திரம் மாதிரி போட்டுட்டு, பெறவு பொருள எடுப்பாவளாம்."

நான் என்ன சொல்வது என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். எங்கள் வழக்கம் இப்படி, ஆனால் என் மகன் செய்தானா இல்லையா எனக்குத் தெரியாது என்று நடுவில் ஒரு வழி வைத்துப் பேசலாம் என்றிருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் எல்லாம் போய்விட்டது. எங்கள் நாமத்தைத் திருடன் அடையாளம் என்கிறான்.

"அந்த ஆளுட்ட சொல்லு. எம் மவன்தான் இட்டான். எறங்கல்லன்னு சொல்லச் சொன்னது நான். பொய் என்னுது, நாமம் அவன்து. அது திருடன் போடுததில்ல. செத்தவனுக்கு இடுத மரியாத. எங்க அப்பனுக்கும் அதுதான், எம் பொண்டாட்டிக்கும் அதுதான், நாளைக்கு எனக்கும் அதுதான்."

ரெனிஷ் பேசினான். நான் சொன்னதைவிட நீளமாகப் போவது போல இருந்தது. நான் மரியஜானைப் பார்த்தேன். அவன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் இமைக்கவில்லை.

அய்குல் அதிகாரியைக் கை காட்டி நிறுத்திவிட்டு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"ஒங்க மவன் எத்தன பேருக்கு இட்டாருன்னு கேக்காவ, மாமா."

இது ஒரு கண்ணி என்று எனக்குப் பட்டது. எத்தனை பேர் என்றால் என்ன அர்த்தம்? ஒரு ஆள்தானே கிடந்தான். ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற ராஜகுமார் தலையைக் குனிந்துகொண்டான், கண்ஜாடை காட்டவில்லை. அவன் அன்றைக்குச் சொல்ல வந்து நான் வெட்டிவிட்ட பேச்சு ஞாபகம் வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கணக்குச் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"எத்தன பேரு கெடந்தாவளோ அத்தன பேருக்கும் இட்டிருப்பான். ஆளு பாத்து இடமாட்டான். அப்பிடி நாங்க பழகல்ல."

ரெனிஷ் அதைச் சொன்னான். அய்குல் இன்னொன்று கேட்டாள். பெரிய ஆளுக்குப் பெரியதாகவும் சின்ன ஆளுக்குச் சின்னதாகவும் இடுவீர்களா என்று.

"வெரல் ஒண்ணுதான. எப்பிடிப் பெருசாவும்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு என்றால் கேலி இல்லை. ரொம்ப நாளாகத் திறக்காத பூட்டு திறந்தால் வருகிற சிரிப்பு. அதிகாரியிடம் வேகமாக எதையோ சொன்னாள், அவர் குறுக்கே பேச, இன்னும் வேகமாகச் சொன்னாள். ரெனிஷுக்கு எங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் சொன்னான்.

குதிரைக்கு அந்தப் பக்கம் இன்னொருவன் கிடந்திருக்கிறான். இளவயது. வாள் இல்லை, பட்டை இல்லை, பட்டு இல்லை. ஒரு இரும்புக் கத்தி மட்டும். அந்தப் பெரிய ஆளின் குதிரையைப் பார்த்துக்கொண்டவனாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். விசாரணை நடப்பதால் அவனைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவன் நெற்றியிலும் அதே வெள்ளைக் கோடு, அதே அகலம். இதுதான் அவளை முதல் நாளிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. பதவி அடையாளம் என்றால் வேலைக்காரனுக்கு ஏன்? திருடன் மந்திரம் என்றால் எடுக்க ஒன்றுமில்லாதவனிடம் ஏன் போக வேண்டும்? குதிரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறானே.

"அந்தக் குழியில பெரியவன் சின்னவன்னு சொல்லாத ஒரே பொருள் அதுதான்னு சொல்லுதாவ, மாமா," என்றான் ரெனிஷ்.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. நான் சொன்னது சொன்னபடி போய்ச் சேர்ந்ததா? அய்குல் என்னைப் பார்த்தபடி வலது கையின் நடுவிரலை எடுத்துத் தன் புருவ மத்தியில் வைத்து மேலே இழுத்துக் காட்டினாள். இப்படியா என்று கண்ணால் கேட்டாள். குறுக்கே இழுக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை. சரியாக இழுத்தாள்.

நான் தலையை ஆட்டினேன். மரியஜான் என் தொடையில் தட்டினான். அன்னக்கிளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதிகாரி அவ்வளவு லேசில் விடவில்லை. மரியாதைக்கு நாமம் இட்டவன் தகட்டையும் எடுத்திருக்கலாமே என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பட்டையை நகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள், அதன் முடிவு வரட்டும் என்றார். மூன்று வாரம் அந்த முடிவு வரவில்லை. ஒரு வித்தியாசம், அன்னக்கிளி எதிரே உட்கார்ந்து சோறு போட்டாள். மரியஜான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மீனோடு வந்தான். நான் செவிளைப் பார்த்து முடிக்கும் வரை அவன் காத்து நின்றான்.

முடிவு வந்த அன்று ராஜகுமார் வீடியோவில் கூப்பிட்டான். பாஸ்போர்ட்டைத் திறந்து தன் போட்டோவை என் முகத்துக்கு நேரே காட்டினான். நான் அதை நெருக்கிக் காட்டச் சொல்லி நம்பரைப் பார்த்தேன். பழைய நம்பர்தான். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தகட்டை யாரும் இப்போது எடுக்கவில்லை. ஓட்டை ஓரங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததில் அறுத்த வெட்டு எழுநூறு வருஷத்துப் பழசு, அழுக்கும் களிம்பும் அதற்குமேல் படிந்திருக்கிறது. புதைப்பதற்கு முன்பே யாரோ தகடுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துக்கொண்டு, வெறும் தோல் பட்டையைச் செத்தவன் இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். ராஜா கொடுத்த பதவி அவனோடு மண்ணுக்குள் போகக்கூடாது, மகனுக்கோ திரும்ப ராஜாவுக்கோ போயிருக்கும் என்று அய்குல் நினைக்கிறாளாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாளாம். நிச்சயமில்லை என்று வாய்விட்டுச் சொன்ன படித்த ஆளை நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவள் மேல் எனக்கு அதில்தான் மதிப்பு வந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அன்னக்கிளியின் மூக்கைப் பார்த்தேன். அவள் போட்டிருக்கும் சிவப்புக்கல் மூக்குத்தி என் மனைவி சத்தியபாயுடையது. சத்தியபாய் செத்த அன்று அது கழலவில்லை. அவள் தங்கைகள் இரண்டு பேர் சோப்பு நுரை போட்டுத் திருகித் திருகி எடுத்தார்கள், நாமம் அதற்குப் பிறகுதான் இட்டோம். பொன்னை யாராவது மண்ணுக்குள் விடுவார்களா? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் அத்தனை வாரம் திருடன் யார், திருடன் யார் என்று உருண்டேனே, இது என் புத்தியில் தட்டவே இல்லை. குதிரையையும் வாளையும் கூட வைக்கிறவர்கள் பொன்னை மட்டும் எடுப்பார்கள் என்று யார் கண்டது.

மார்கழியில் ராஜகுமார் வந்தான். ரெனிஷும் அதே விமானத்தில் லீவில் வந்தான். அவனுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள், வேலை போகவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரே காரில் நானும் மரியஜானும் போனோம். கண்ணாடிக் கதவு திறந்து இரண்டு பேரும் பெட்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராஜகுமார் என் காலைத் தொட்டுவிட்டு எழுந்தான். அவன் நெற்றி வெறுமையாக இருந்தது. டப்பாவைத்தான் தூக்கிப் போட்டுவிட்டானே. நான் மடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அங்கேயே தண்ணீர்க் குப்பி வாங்கிக் குழைத்து அவனுக்கு இட்டேன். ஜனங்கள் சுற்றிப் போனார்கள்.

அந்த இரண்டு மண்டையோடுகளையும் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நகரத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள், எலும்பைக் கழுவித்தான் வைப்பார்கள், ஆனால் நெற்றியை மட்டும் அய்குல் கழுவ விடவில்லை என்றான். இரண்டு பேருக்குமா என்று கேட்டேன். இரண்டு பேருக்கும்தான் என்றான்.

கார் கிளம்பினதும் மரியஜான் முன்சீட்டிலிருந்து திரும்பினான்.

"இப்பமாவது எம் மவன நம்புதீரா, ஓய்?"

ரெனிஷ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். களைத்துப்போய் வாய் திறந்து தூங்கிவிட்டான், தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

"முழுசா இல்ல," என்றேன். "முக்கால்வாசி."

மரியஜான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நான் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன், குழித்துறைப் பாலம் தாண்டும் வரை.